உப்பும் சட்டமும் உரைநடையும்: திருவரங்கத்து டாக்டர் ராஜன்

(நம் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தின் இறுதியில் இன்றைய பொருளை அறிவித்தபோது நம் கவிஞர் ஒருவர் எழுந்தார். "ஆழ்வார்களையும் கம்பனையும் பாரதியையும் பத்து ஆண்டுகளாகப் பேசி வந்த மேடையில் ஒரு சட்டமன்றத்தாருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில், காவிரிப் பாலத்தின்மேல் பேருந்து நின்று நின்று ஊர்ந்த அந்த அரைமணி நேரத்தில், கேள்வி நியாயமானதுதான் என்று பட்டது. விடை தேடிய முயற்சியே இவ்வுரை. விடை கிடைத்ததா என்பதை நீங்கள் சொல்ல வேண்டும்.

திருவரங்கம் சட்டமன்றத் தொகுதி என்றால் இன்று பலருக்கு 2011-ஆம் ஆண்டுத் தேர்தல் நினைவுக்கு வரும். செல்வி ஜெயலலிதா இங்கு வென்று முதலமைச்சரானதும், 2015-இல் நடந்த இடைத்தேர்தலும் பேசப்படும். நான் பேசவிருப்பவர் அதற்கு வெகு காலத்திற்கு முற்பட்டவர். 1880-இல் திருவரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன். செய்தித்தாள்கள் அவரை டி. எஸ். எஸ். ராஜன் என்று எழுதின. தம் தமிழ் நூல்களின் முகப்பில் அவர் போட்டுக்கொண்ட பெயர் முன்னதே. நாமும் அதனையே கொள்வோம்.

இராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தார். பர்மாவில் மருத்துவராகப் பணி செய்தார். 1907-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார்; அங்கு எம்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். கடல் கடப்பதே குற்றம் என்று வைதிகர் கருதிய காலத்தில், வைணவத்தின் தலைநகரமாகிய ஓர் ஊரிலிருந்து ஒருவர் இருமுறை கடல் கடந்தார் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இலண்டன் வாழ்க்கையை அப்படிக் கடந்து செல்ல முடியாது. அங்கிருந்த இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் இருந்தார். நம் வரகனேரி வ. வே. சு. ஐயர் இருந்தார். ஐயரும் ராஜனும் ஏறத்தாழ ஒத்த வயதினர். ஒருவர் வரகனேரி, மற்றவர் திருவரங்கம். இடையில் ஓர் ஆறு. இருவரும் பர்மா வழியாகவே இலண்டன் போய்ச் சேர்ந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஐயர் 1910-இல் ஆங்கிலக் காவலரின் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்ததும், 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதியதும், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்ததும், 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காக்க முயன்று மறைந்ததும் இந்த அவை அறிந்தவை. அந்த ஐயரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ராஜன் என்பதுதான் நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி.

இலண்டன் நாட்களைப் பற்றி ராஜன் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1909 அக்டோபரில் இந்தியர்கள் அங்கு விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினர். சமையல் பொறுப்பை மாணவர்களே ஏற்றுக்கொண்டனர். ராஜனும் அவர்களில் ஒருவர். பிற்பகலில் மெலிந்த குள்ளமான ஒருவர் வந்து, கேளாமலே பாத்திரம் கழுவவும் காய்கறி திருத்தவும் உட்கார்ந்துவிட்டார். யார் என்று எவரும் கேட்கவில்லை. வேலைக்கு ஓர் ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சி. மாலையில் வ. வே. சு. ஐயர் அடுக்களைக்குள் வந்து பார்த்துத் திகைத்தார். பாத்திரம் கழுவியவர்தான் அன்றைய விருந்துக்குத் தலைமை தாங்க வந்த காந்தி.

கவிஞர்களே, இதனை நீங்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள்? எளிமையின் சிகரம் என்றோ, மகாத்மாவின் மலரடி என்றோ தொடங்கியிருப்பீர்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ராஜன் பாத்திரத்தையும் காய்கறியையும் சொல்கிறார். ஆளின் உடல்வாகைச் சொல்கிறார். பெயரைக் கடைசிவரை வைத்திருக்கிறார். நோயாளி உள்ளே வரும்போதே அவன் நடையையும் நிறத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு பெயர் கேட்கும் மருத்துவரின் பழக்கம் அது. இந்தப் பழக்கத்தை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்தே கிளைக்கிறது.

தாயகம் திரும்பிய டாக்டர், திருச்சிராப்பள்ளியில் மருத்துவத் தொழில் நடத்தினார். ரௌலட் சட்ட எதிர்ப்பின்போது அரசியலுக்குள் வந்து, இராஜாஜியின் உற்ற துணைவரானார். சிறை சென்றார். இவை அக்காலத் தலைவர் பலருக்கும் பொதுவானவை.

1930 ஏப்ரல் 13. வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை திருச்சி கன்டோன்மென்டில் இருந்த டாக்டர் ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ நூறு தொண்டர்கள், சுமார் நூற்றைம்பது மைல், பதினைந்து நாள். நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்கெனவே எழுதித் தந்த பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். யாத்திரிகர்க்குச் சோறோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சித் தலைவர் தார்ன் அறிவித்தார். மக்கள் சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு மறைந்துகொண்டார்கள். சோறு கொடுத்தவர் யார் என்று மரத்தைத்தானே கேட்க வேண்டும்! ஏப்ரல் 28-இல் வேதாரணியம் சேர்ந்தனர்; 30-ஆம் நாள் உப்பெடுத்த இராஜாஜி கைதானார்.

என் தந்தைவழிப் பாட்டனார் திருவரங்கம் தெற்கு வாசலில் பூக்கடை வைத்திருந்தவர். அன்று விடியுமுன்னே ஆறு தாண்டி வந்து அந்த ஊர்வலத்தைப் பார்த்ததாகச் சொல்வார். இராஜாஜியைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. "நூறு பேருக்கும் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அனுப்பினார்கள்" என்பார். பார்த்தவர் டாக்டர்தானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சித்திரை வெயிலில் பதினைந்து நாள் நடக்கும் நூறு பேரின் குடிநீரையும் பாதக் கொப்புளத்தையும் எவரோ ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கத்தான் வேண்டும். பாட்டு மட்டும் அவர்களை வேதாரணியம் கொண்டு சேர்த்திருக்காது.

1934-இல் ராஜன் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1936 வரை அங்கிருந்தார். அதே 1936-இல் திருச்சி நகராட்சித் தலைவர் பதவியை ஒட்டிக் காங்கிரஸுக்குள் பெரும்பூசல் எழுந்தது. அது ராஜனையும் விடவில்லை, இராஜாஜியையும் விடவில்லை. அந்த வரலாற்றை விரித்தால் இந்தக் கூட்டத்திலேயே இரண்டு கட்சி உண்டாகிவிடும். ஆகவே விடுகிறேன்.

1937-இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். ராஜன் அப்போது எந்தச் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பெற்று அமைச்சராக்கப்பட்டார். 1952-இல் இராஜாஜியே நியமன உறுப்பினராக மேலவைக்குள் வந்து முதலமைச்சரானபோது எழுந்த வாதத்தை நாடறியும். அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னரே நம் திருவரங்கத்தாரின் வழியாக அப்பாதை போடப்பட்டுவிட்டது. மக்களின் வாக்கைப் பெறாத ஒருவர் மக்களுக்குச் சட்டம் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. நான் அந்த நியமனத்துக்கு வாதாட வரவில்லை. அந்த மேலவையே 1986-இல் இல்லாமற் போய்விட்டது. அந்நியமனத்தால் விளைந்தது மட்டும் இன்றும் நம்மிடையே இருக்கிறது.

அவருக்குக் கிடைத்த துறைகள் பொதுச் சுகாதாரமும் அறநிலையமும். அவர் அத்துறையில் இருந்த காலத்தில்தான் 1939-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமாகச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் ஒரு மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கென்றே முழுமையான சட்டம் ஒன்றைச் செய்துகொண்டது அதுவே முதன்முறை. வரைவை எழுதிய கைகள் அதிகாரிகளுடையவை. அதனை மறைக்கத் தேவையில்லை. எனினும் அதனைப் படித்துப் பாருங்கள். நான் படித்தேன். சட்டநூலை இலக்கிய வட்டத்தில் பரிந்துரைக்கும் முதல் ஆள் நானாகவே இருக்கட்டும்.

குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொல்லை அகற்றல், தொற்றுநோய் அறிவித்தல், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, தங்கும் விடுதி, உணவுக் கட்டுப்பாடு என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. நகராட்சி தன் வருமானத்தில் அரசு மானியம் நீங்கலாக முப்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று கணக்கும் சொல்கிறது. வீட்டு முற்றத்தில் தேங்கிய நீரில் கொசு பிறந்தால் அதற்கு வீட்டுக்காரன் பொறுப்பு என்கிறது. இவற்றினிடையே, திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் என்றே ஒரு தனி இயல் வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு வருவோர்க்கு நீர் எங்கே, கழிப்பிடம் எங்கே, நோயுற்றால் கொண்டு போவது எங்கே என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யும் கடமை அங்கு விதிக்கப்படுகிறது.

அந்த இயலை வாசித்தபோது வைகுண்ட ஏகாதசிக்குக் கொள்ளிடக்கரை வரை நிரம்பி நிற்கும் கூட்டம்தான் என் கண்முன் வந்தது. பெருந்திருவிழாக்களின் பின்னாலேயே காலரா நடந்து வந்த காலம் ஒன்று இருந்தது. பரமபத வாசலைக் காண வந்தவர்களில் சிலர் உண்மையாகவே பரமபதம் போனார்கள். எங்கள் பாட்டனார் ஏகாதசிக்கு முன் ஊசி போட வந்தவர்களைக் கண்டு கடையை மூடிவிட்டு ஓடி ஒளிந்தவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாம் திருவிழாவைப் பாடியிருக்கிறோம். தேரைப் பாடியிருக்கிறோம், திருமஞ்சனத்தைப் பாடியிருக்கிறோம். தேர் பார்க்க வந்தவள் குடித்த தண்ணீரை நம்மில் எவரும் பாடியதாக எனக்கு நினைவில்லை. அரங்கனின் ஊரில் பிறந்த ஒரு மருத்துவர் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டத்தில் அந்தத் தண்ணீருக்கு இடம் கிடைத்தது. அவரே அந்த இயலை எழுதச் சொன்னார் என்று நான் கூறவில்லை; அதற்குச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் அதனைக் கையில் வாங்கிப் படித்தபோது அவருக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் அது இன்றும் நடப்பில் உள்ளது. 2020-இல் கொரோனாத் தொற்றின்போது முகக்கவசம் அணியாதவர்க்கு அபராதம் விதிப்பதற்காக அரசு திருத்தியது இந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். காந்தி மார்க்கெட்டில் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு முணுமுணுத்தவர்களில் நம் வட்டத்தாரும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

அறநிலையத் துறையும் அவரிடம் இருந்தது என்றேன். 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சி ஆலயத்துக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அன்பர்களுடன் நுழைந்தார். அதனைத் தொடர்ந்து ஆலயப் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. தமிழ்நாட்டு ஹரிஜன சேவக சங்கப் பொறுப்பில் உழைத்து, 1934-இல் காந்தி இங்கு மேற்கொண்ட சுற்றுப்பயணத்தைத் 'தமிழ்நாட்டில் காந்தி' என்னும் நூலாக எழுதியவருக்கு, அது வெறும் கோப்பாக இருந்திருக்க முடியாது. திருவரங்கத்தின் ஏழு மதில்களுக்குள் பிறந்தவர் அவர். மதில் என்றால் என்ன என்பதை உள்ளிருந்து அறிந்தவர்.

இதுவரை புகழ்ந்தேன். இனிச் சொல்வது எனக்கு எளிதன்று.

என் தாய்வழிப் பாட்டனார் உறையூர்க்காரர், சுருட்டுத் தொழிலாளி. அவருக்கு இன்னொரு யாத்திரை நினைவில் இருந்தது. 1938-இல் இராஜாஜி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதல் நாள் உறையூரிலிருந்து தமிழர் பெரும்படை சென்னை நோக்கிப் புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளை, பட்டுக்கோட்டை அழகிரிசாமி, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோர் அதனை நடத்திச் சென்றார்கள். அதிலும் ஏறத்தாழ நூறு பேர். செப்டம்பர் 11-இல் சென்னை சேர்ந்தனர். அடுத்த ஆண்டு நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தார்கள். 1940 பிப்ரவரியில், காங்கிரஸ் அமைச்சரவை விலகிய பின்னர், கட்டாய இந்தி திரும்பப் பெறப்பட்டது.

ஒரே ஊர். எட்டு ஆண்டு இடைவெளி. இரண்டு முறையும் நூறு பேர். இரண்டு முறையும் வழியெல்லாம் பாட்டு. முதல் நடை ராஜனின் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டது. இரண்டாம் நடை ராஜன் அமர்ந்திருந்த அமைச்சரவைக்கு எதிராகப் புறப்பட்டது. என் இரு பாட்டனார்களும் ஒரு திண்ணையில் சந்தித்தால் இதைப் பற்றியே சண்டையிடுவார்கள். "தமிழில் புத்தகம் எழுதினாரே உங்கள் டாக்டர், தமிழுக்காகச் சிறை போனவனைப் பற்றி என்ன எழுதினார்?" என்று உறையூர்ப் பாட்டனார் கேட்பார். பூக்கடைப் பாட்டனாரிடம் பதில் இராது. "காலரா வந்தால் தெரியும்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லி வெற்றிலையை எடுப்பார்.

அமைச்சரவை என்பது கூட்டுப் பொறுப்பு. சுகாதாரத்துக்கு மட்டும் அவர் அமைச்சர், சிறைகளுக்கு அல்லர் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நல்ல தமிழ் எழுதியவர் ஒருவர், தமிழுக்காக எழுந்த கிளர்ச்சியின் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தார் என்பதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நேர்மை. தமிழ் இலக்கிய வட்டமொன்று அவரைப் பற்றிப் பேசுவதென்றால் இதையும் பேசத்தான் வேண்டும். இதைப் பேசுவதற்காக அவர் செய்த உரைநடையை ஒதுக்கிவிடுவதும் எனக்கு ஒப்புதலில்லை. உறையூர்ப் பாட்டனார் இருந்தால் இந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருப்பார்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உணவுத் துறை அவரிடம் வந்தது. பங்கீட்டு அரிசிக் காலம் அது. உணவு அமைச்சரைப் புகழ்ந்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். 1953-இல் ராஜன் மறைந்தார்.

அவர் நமக்கு விட்டுச்சென்ற 'நினைவு அலைகள்' என்னும் தன்வரலாற்றுக்கு இப்போது வருகிறேன். தமிழில் அரசியலார் எழுதிய தன்வரலாறுகள் பல, எழுதியவரைத் தவிர மற்றவரெல்லாம் தவறு செய்தார்கள் என்று நிறுவ எழுந்தவை. ராஜனின் நூல் அந்த வகையில் அடங்காது. அவர் தம்மையும் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். வாக்கியங்கள் சிறியவை. அடைமொழி குறைவு. அவர் காலத்து மேடைத் தமிழ் ஒரு பக்கம் அடுக்குமொழியை நோக்கியும், இன்னொரு பக்கம் வடமொழிப் பெருந்தொடரை நோக்கியும் போய்க்கொண்டிருந்தது. இவர் இரண்டுக்கும் நடுவில், வீட்டில் பேசும் குரலைச் சற்றுத் திருத்தி எழுதிக்கொண்டு போனார். ஐயரின் தமிழில் இருக்கும் வீறு இவரிடம் இல்லை. கல்கியின் நகைச்சுவையும் இல்லை. இவரிடம் இருப்பது கவனம். குறையும் உண்டு: உணர்ச்சி மிகவேண்டிய இடத்தில்கூடக் குரலை உயர்த்த மறுக்கிறார். படிக்கும் நமக்கு ஏக்கமாக இருக்கும்.

கவிஞர்களுக்கு இதில் என்ன என்று கேட்டீர்கள். நம் வட்டத்தில் இந்தப் பத்தாண்டில் அரங்கேறிய கவிதைகளைத் தொகுக்கும் பணியில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. காவிரியைப் பற்றி நம்மிடம் எண்ணற்ற கவிதைகள் உள்ளன. அவற்றில் காவிரி தாயாகிறாள், மகளாகிறாள், கண்ணகியாகிறாள். தண்ணீர் மட்டும் ஆகவில்லை. எந்த மாதத்தில் எந்தப் படித்துறையில் எத்தனை படி நீருக்கு மேல் தெரிந்தது என்று ஒரு வரி இல்லை. என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். பாத்திரம் கழுவியவரைப் பார்த்துவிட்டுப் பிறகு பெயர் சொன்னவரிடம் நாம் சென்று உட்கார்வதற்குக் காரணம் இதுதான்.

'நினைவு அலைகள்' பல ஆண்டுகள் கிடைக்காமல் இருந்து, பிறகு சந்தியா பதிப்பகத்தாரால் மீண்டும் அச்சேறியது. என்னிடம் உள்ள படியை இன்று மேசையில் வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் இலண்டன் பகுதியை முழுவதுமாக வாசிக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். முக்கால் மணி நேரம் ஆகும். அன்றே, 1938-ஆம் ஆண்டுப் பெருநடையைப் பற்றி உறையூர் அன்பர் ஒருவர் பேச இசைந்திருக்கிறார். அவருக்கும் முக்கால் மணி நேரம் தர வேண்டும்.